ஆயிரம் இருதயங்கள் கற்ற அம்மையார்

நூதனசாலை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன பழைய காசுகளும் கற்சிலைகளும் துருவேறிய வாட்களுமே. வைத்தியக் கலாசாலைகளிலும் நூதனசாலைகள் உண்டு. அங்கே கண்ணாடிப் போத்தல்களில், நிறம் மங்கிய திரவத்தினுள்ளே, இறந்தோரின் உறுப்புகள் இருக்கும். பார்ப்பவர் பலர் முகஞ் சுளித்து அப்பாற் செல்வர். அத்தகைய இடமொன்றில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, பிறவியிலேயே பழுதுற்ற இருதயங்களை ஒவ்வொன்றாகக் கற்று, உலகத்துக்கு அவற்றின் இலக்கணத்தை எழுதிக் கொடுத்த ஒரு பெண்மணியின் கதையை இங்கே கூற விரும்புகிறேன். கனடா தேசத்து மோட் அபொற் அம்மையார் அவர்.

பாடசாலையில் உடற்றொழிலியல் கற்பித்த ஆண்டுகளில் நான் எத்தனையோ முறை இருதயத்தைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். இரண்டு சோணையறைகள், இரண்டு இதயவறைகள், பெருநாடி, நுரையீரல் நாடி. இருதயத்துக்கே உணவூட்டும் இரண்டு முடியுருநாடிகள். மாணவரும் அதனை அப்படியே பிரதிசெய்து பரீட்சையில் வரைந்து புள்ளி பெறுவர். நூறு பிள்ளைகள் வரைந்தால் நூறும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் இயற்கை எல்லா இருதயங்களையும் அந்தப் படத்தைப் பார்த்து வரைவதில்லை. இந்த உண்மையைத் தம் கண்ணாற் கண்டு, அதற்கு ஓர் ஒழுங்கு தேடியவர் என்பதனாலேயே அபொற் அம்மையார்மேல் எனக்குத் தனிமதிப்பு ஏற்பட்டது.

அவர் 1869ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆந் திகதி, கியூபெக் மாகாணத்தில் சென் அன்ட்றூஸ் ஈஸ்ற் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிறந்தபோது அவர் பெயர் மோட் பாபின். தந்தையார் அங்கிலிக்கன் திருச்சபைப் போதகர். அங்கவீனமுற்ற தம் சகோதரியைக் கொன்றாரென்று 1867இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளியல்லர் என்று நீதிமன்றம் விடுவித்தது. ஆயினும் அவர் குடும்பத்தைக் கைவிட்டு நீங்கினார். தாயாரோ மோட் ஏழு மாதக் குழந்தையாக இருக்கையில் சயரோகத்தால் மாண்டார். அலிஸ் என்னும் தமக்கையும் மோட்டுமாக எஞ்சிய இரு பெண்மகவையும் அறுபது வயதைக் கடந்த பாட்டியார் ஏற்று வளர்த்தார். பாபின் என்ற பெயர் சட்டப்படி நீக்கப்பட்டு, பாட்டியாரின் குடிப்பெயராகிய அபொற் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டது. பெயரையே மாற்றி மறைக்கவேண்டிய வீட்டுத் துயரத்திலிருந்து வந்தவர் பிற்காலத்தில் மறைந்து கிடந்தவற்றுக்கெல்லாம் பெயரிட்டு வைப்பதையே தொழிலாகக் கொண்டாரே என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு. இது வெறுங் கற்பனையாகவும் இருக்கலாம்.

பதினைந்து வயது வரையில் வீட்டிலேயே கல்வி. பின்னர் மொன்றியல் நகரில் சிறிதுகாலம் பாடசாலைப் படிப்பு. மக்கில் சர்வகலாசாலை 1884ஆம் ஆண்டிலேதான் கலைப் பிரிவிற் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1886இல் புலமைப்பரிசில் பெற்று அங்கே புகுந்த மோட், 1890இல் தங்கப் பதக்கத்தோடு பட்டம் பெற்று வெளியேறினார். அதற்குள் வைத்தியராக வேண்டும் என்னும் ஆசை மனத்தில் வேரூன்றிவிட்டது. தாம் நேசித்த சர்வகலாசாலையின் வைத்தியப் பிரிவுக்கு விண்ணப்பித்தார். பெண்ணென்ற காரணத்தால் கதவு அடைக்கப்பட்டது. நகரத்துப் பெரியோர் கையொப்பமிட்ட மனுவும் பயன்தரவில்லை.

மொன்றியலிலே பிஷப்ஸ் கல்லூரி என்னும் வேறொரு வைத்தியக் கலாசாலை இருந்தது. அது அவரை அழைத்து இடங்கொடுத்தது. நோயாளரைப் பார்த்துப் பயிலுதற்கு நகரத்து வைத்தியசாலையின் அனுமதிச்சீட்டு வேண்டும். அதனைக் கொடுக்கவும் தயங்கினார்கள். பத்திரிகைகள் கண்டித்தன, வைத்தியசாலைக்கு நன்கொடை வழங்கியோர் சிலர் இனிக் கொடோம் என்றனர், அதன்பின்னரே சீட்டுக் கிடைத்தது. 1894இல், தம் வகுப்பின் ஒரே பெண்ணாக, உடற்கூற்றியற் பரிசும் வேந்தர் பரிசும் பெற்று அவர் வைத்தியரானார். பின்னர் 1905இல் அந்தப் பிஷப்ஸ் கலாசாலையின் வைத்தியப் பிரிவு மக்கிலோடு இணைந்துவிட்டது என்பதை வாசகர் ஒருகணம் சிந்திக்க வேண்டும்.

இங்கே இன்னொரு பெண்மணியை நினையாமல் இருக்க முடியவில்லை. அதே கனடாவிற் பிறந்து, அதே காலத்தில் ரொறன்ரோ நகரில் வைத்தியம் பயின்று, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டுப் பெண்களுக்காகவே நெடுங்காலம் உழைத்து, 1958இல் மக்சேசே பரிசு பெற்ற டாக்டர் மேரி இரத்தினம் அம்மையாரையே கூறுகிறேன். ஒருவர் உயிருள்ள தாய்மாரிடஞ் சென்றார்; மற்றவர் இறந்தோரின் இருதயங்களிடஞ் சென்றார். தடைபட்ட நீர் தனக்கென்று வேறு வழி தேடிக்கொண்ட கதையே இரண்டும்.

பட்டம் பெற்ற மோட் ஐரோப்பா சென்று மூன்றாண்டு கற்றார். பெரும்பகுதி வியன்னாவிலே கழிந்தது. நோயியலில் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி அங்கே வாய்த்தது. உடன் சென்ற தமக்கை அலிஸை அங்கே மனநோய் பற்றியது. அது தீரவேயில்லை. அன்று தொட்டுப் பல்லாண்டுகள் அத்தமக்கையைப் பேணும் பொறுப்பு மோட்டின் தலைமேல் இருந்தது. அவர் மணஞ்செய்யவில்லை. கிடைத்த சொற்ப ஊதியத்தில் இந்தப் பாரத்தையும் சுமந்தார். அவருடைய புகழைப் பேசுவோர் இதனை ஒரு வரியிற் கூறி நகர்வது எனக்கு உடன்பாடன்று. இரவிலே வீட்டில் நோயாளி, பகலிலே கலாசாலையில் போத்தல்கள் என்னும் வாழ்க்கையினூடேதான் அந்நூல்கள் எழுதப்பட்டன.

1897இல் மொன்றியலுக்கு மீண்டு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ரோயல் விக்டோரியா வைத்தியசாலையில் டாக்டர் மாட்டின் என்பவர், இருதயத்தில் கேட்கும் முணுமுணுப்பு ஒலிகளைப் பற்றிய நோயாளர் பதிவேடுகளை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். ஆய்வுக் கட்டுரை நகரத்து வைத்தியச் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. சங்கத்தில் பெண் அங்கத்தவர் எவரும் அப்போது இல்லையாகையால் வேறொருவரே வாசித்தார். கேட்டோர் வியந்து, பின்னர் அவரையே முதற் பெண் அங்கத்தவராகத் தெரிந்தெடுத்தனர்.

1898இல் மக்கில் வைத்திய நூதனசாலையின் உதவிக் காப்பாளர் பதவி கிடைத்தது. மாணவியாகச் சேர்க்க மறுத்த இடம் போத்தல் துடைக்க அழைத்தது என்று சொல்வாரும் உளர். நான் அவ்விதம் கருதவில்லை. அலட்சியத்தோடு கொடுக்கப்பட்ட பதவியாக இருக்கலாம். ஏற்றவர் அலட்சியமாக ஏற்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் வாஷிங்ரன் நகரத்து நூதனசாலைகளைப் பார்வையிடச் சென்றவர், வழியிலே பல்ரிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்குப் போனார். அங்கே வில்லியம் ஒஸ்லரைச் சந்தித்தார். ஆங்கில வைத்திய உலகின் ஆசானாக மதிக்கப்பட்ட ஒஸ்லர், முன்பு மக்கிலிலேயே நோயியல் கற்பித்தவர். அந்நூதனசாலையில் இருந்த மாதிரிகளிற் பல அவர் கையால் எடுத்து வைக்கப்பட்டவை. அப்பதவி எத்துணைப் பெரிய வாய்ப்பு என்பதையும், நூதனசாலையிலிருந்தே நோய்களைக் கற்பிக்க முடியும் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். இளம் வைத்தியரின் பாதை அன்று திரும்பியது.

அடுக்குகளை ஒழுங்குசெய்யும்போது ஒரு நாள் விசித்திரமான இருதயம் ஒன்று அகப்பட்டது. விபரம் ஏதுமில்லை. இரண்டு சோணையறைகளும் ஒரே இதயவறைக்குள் திறந்தன. நுரையீரலுக்குச் செல்லும் நாடி ஓரத்திலுள்ள ஒரு சின்னஞ்சிறு அறையிலிருந்து புறப்பட்டது. யாருடையது, எப்போது வந்தது என்று அறிவார் இலர். ஒஸ்லருக்கு எழுதினார். அவர் நினைவு மறக்கவில்லை: அது அந்த வைத்தியக் கலாசாலையை நிறுவியவர்களுள் ஒருவரான அன்ட்றூ ஹோம்ஸ் 1824ஆம் ஆண்டில் எடின்பரோவில் அச்சான ஓர் ஏட்டில் விவரித்த இருதயம். இத்தகைய இருதயத்தோடு ஒரு வாலிபர் இருபத்தொரு வயதுவரை வாழ்ந்திருக்கிறார்! மோட் அதனை மீண்டும் ஆராய்ந்து 1901இல் வெளியிட்டார். இன்றும் நூல்களில் அதற்கு ஹோம்ஸ் இருதயம் என்றே பெயர்.

அந்த ஒரு போத்தலே அவருடைய ஆயுளைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. ஒஸ்லர் தாம் பதிப்பித்த பெரிய வைத்திய நூலிற் பிறவி இருதயக் கோளாறுகள் பற்றிய அத்தியாயத்தை எழுதுமாறு அவரைக் கேட்டார். அவர் கையிலிருந்த மாதிரிகளோடு நிற்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அச்சான பரிசோதனை அறிக்கைகளைத் தேடித் தேடி, 412 இருதயங்களின் விபரங்களைச் சேர்த்து, பெரிய தாள்களிற் கட்டங்கட்டமாக எழுதி, ஒப்பிட்டுப் பார்த்தார். இடையே 1907இல் நெருப்புப் பற்றிக் கலாசாலைக் கட்டிடமும் நூதனசாலையின் ஒரு பகுதியும் அழிந்தன. ஹோம்ஸ் இருதயம் தப்பியது. அத்தியாயம் 1908இல் வெளிவந்தது. இத்துறையில் இதற்கு நிகரான ஒன்று எழுதப்படவில்லையென்று ஒஸ்லர் அவரைப் பாராட்டினார்.

அதற்குமுன் வைத்தியர்கள் இக்கோளாறுகளை இயற்கையின் விளையாட்டுகளாகவே நோக்கினர். குழந்தை நீலம் பாரித்திருக்கும், சாகும், அறுத்துப் பார்த்தால் ஏதோ துவாரம் தெரியும், அவ்வளவே. அம்மையார் வினாவை மாற்றினார். கெட்ட இரத்தம் நல்ல இரத்தத்தோடு கலக்கிறதா? எந்த வழியாக, எப்போது கலக்கிறது? கலவாதவை ஒரு வகுப்பு. முதலிற் கலவாமல் நாட்பட நீலம் தோன்றுபவை ஒரு வகுப்பு. பிறப்பிலிருந்தே நீலமாக இருப்பவை ஒரு வகுப்பு என வகுத்தார். இதனால் உயிரோடிருக்கும் குழந்தையின் நிறத்தையும் மார்பொலியையும் கொண்டே உள்ளே என்ன பழுது என்று ஊகிக்கும் வழி பிறந்தது. தொல்காப்பியர் எழுத்தை வகுத்தபின்னரே எழுத்துப் பற்றிப் பேசுதல் எளிதாயிற்று என்று நம் தமிழாசிரியர் கூறுவதில்லையா? அதுபோன்றதே இது.

முடியுருநாடிகளின் பிறவிக் கோளாறு பற்றியும் அந்த 1908ஆம் ஆண்டு எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. எனக்கு மிகவும் ஆர்வமூட்டியது அதுவேயாகும். நம் கமக்காரர் மொழியிற் சொன்னால், இருதயம் ஊருக்கெல்லாம் நீரிறைக்கும் துலா. அந்தத் துலாவுக்கும் நீர் வேண்டுமல்லவா? அதற்கென்று பெருநாடியின் அடியிலிருந்து வலமும் இடமுமாக இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. அரிதாகச் சில குழந்தைகளில் இடப்பக்க வாய்க்கால் பெருநாடியிற் பிறவாமல் நுரையீரல் நாடியிற் பிறந்துவிடுகிறது. மூன்று இலட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிடுகின்றனர். கருப்பையில் இருக்குமளவும் தீங்கில்லை. இரு பெருங்குழாய்களிலும் அழுத்தம் ஏறத்தாழச் சமம். பிறந்து மூச்சுவிடத் தொடங்கிச் சில வாரங்களில் நுரையீரல் நாடியின் அழுத்தம் தாழ்கிறது. அப்போது இருதயத்தின் இடப்பாதி பட்டினி கிடக்கிறது. குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்து, வெளிறி, வேதனையால் அலறும். நம் ஊர்களில் இவ்விதம் அலறும் பிள்ளைக்குக் கண்ணூறு கழிப்பார்கள். சிகிச்சையில்லையேல் பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டுக்குள் மாண்டுபோகும்.

ஆனால் அபொற் அம்மையார் 1908இல் எடுத்துரைத்தது குழந்தையின் கதையன்று. அறுபது வயதளவில் இருந்த ஒரு பெண்ணின் இருதயம். அதே பழுதோடு அவ்வளவு காலம் வாழ்ந்தவர்! எங்ஙனம்? வலப்பக்க நாடி பருத்து, கிளைகள் விரித்து, இடப்பக்கத்துக்கும் இரத்தம் அனுப்பியிருக்கிறது. ஒரே பழுது ஒருவரைப் பாற்பருவத்திற் கொல்கிறது. மற்றொருவரை முதுமைவரை விட்டுவைக்கிறது. இந்த வேறுபாட்டைக் காண்பதற்கு ஒரு மாதிரி போதாது. பல மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

1910இல் மக்கில் அவருக்குக் கௌரவ வைத்தியப் பட்டமளித்து விரிவுரையாளராக்கியது. பெண்களை வைத்திய மாணவராகச் சேர்க்க அது இசைந்ததோ 1918இலேதான். ஆகவே எட்டாண்டுக் காலம், தாம் சேர முடியாத கலாசாலையின் பட்டத்தைத் தாங்கி, ஆண்களுக்கு மட்டும் அவர் பாடஞ் சொன்னார். 1923இல் பிலதெல்பியாவிலுள்ள பெண்கள் வைத்தியக் கல்லூரி பேராசிரியர் பதவி தந்தது. இரண்டாண்டில் மொன்றியலுக்கே மீண்டார். உதவிப் பேராசிரியராகவே இருந்து 1936இல் ஓய்வு பெற்றார். உலகமெங்கும் மதிக்கப்பட்டவருக்குச் சொந்த வீட்டில் முழுப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. வைத்திய நூதனசாலைகளின் சர்வதேசச் சங்கத்துக்குப் பல்லாண்டு செயலாளராயிருந்தார். அதன் ஏட்டையும் நடத்தினார். ஒஸ்லர் மறைந்தபின் 1926இல் அவருக்குப் பெரியதொரு நினைவுமலர் தொகுத்தார். இவற்றை விரிக்கில் இடம் போதாது.

ஓய்வு பெற்ற அதே 1936இல் அமெரிக்க இருதயச் சங்கம் அவருடைய பிறவி இருதயநோய்ப் படநூலை வெளியிட்டது. 412 ஆக இருந்த இருதயங்கள் இப்போது ஆயிரம். படங்களும் அட்டவணைகளுமாக அமைந்த அந்நூல் பெரும்பாலும் சாவின் கணக்கு. எந்தக் கோளாறு உடையோர் எத்தனை வயதில், எதனால் இறந்தனர் என்ற கணக்கு. இதனால் யாருக்கு என்ன பயன் என்று அக்காலத்தில் கேட்டோர் இருந்திருப்பர். நோயைப் பெயர் சொல்லி அழைத்தாரேயன்றி ஒருவரையும் குணமாக்கவில்லையே என்ற வினா நியாயமானதே. அதற்கு விடை விரைவிலேயே வந்தது.

1938இல் பொஸ்ரன் நகரில் றொபேட் குரொஸ் என்னும் இளம் சத்திரவைத்தியர், பிறந்தபின்னும் மூடாதிருந்த நாடியிணைப்பு ஒன்றை ஏழு வயதுச் சிறுமியொருத்தியிற் கட்டி மூடினார். ஓடி விளையாடும் பிள்ளையின் மார்பைத் திறப்பதற்கு என்ன நியாயம்? அப்படியே விட்டால் எத்தனை பேர் சாவர் என்று காட்டவேண்டும். குரொஸ் தம் கட்டுரையிற் காட்டிய கணக்கு அபொற் அம்மையாருடையது: அவர் திரட்டிய 92 பேரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் அந்நாடியிற் கிருமி பற்றி இறந்திருந்தனர். அவரிடம் சென்று கற்றுவந்த ஹெலன் ரோசிக் அம்மையார், 1944 நவம்பரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் அல்பிரட் பிளலொக் நீலக் குழந்தையொன்றுக்குச் சத்திரசிகிச்சை செய்ய வழிகாட்டினார். அதைக் காண அபொற் இருக்கவில்லை. 1940 செப்ரெம்பர் 2ஆந் திகதி மூளையில் இரத்தம் கசிந்து மொன்றியலில் இறந்துவிட்டார்.

முடியுருநாடிக் கோளாறு இன்னும் காத்திருந்தது. 1933இல் பிளான்ட், போல் வைற், கார்லண்ட் என்னும் மூவர் மூன்று மாதக் குழந்தையொன்றின் நோயை மின்னிருதயப் பதிவோடு விவரித்திருந்தனர். அதனால் நோய் அவர்கள் பெயரையே பெற்றது. ஆனால் இரத்தம் அந்தத் தவறான நாடியில் எத்திசையிற் செல்கிறது என்பதிற் பலர் மயங்கினர். நுரையீரல் நாடியிலிருந்து கெட்ட இரத்தம் இருதயத்தசைக்குச் செல்கிறதென்று எண்ணினர். 1960இல் சபிஸ்ரன், நீல், ரோசிக் ஆகிய மூவர் ஹொப்கின்ஸிலிருந்து எழுதிய கட்டுரை உண்மையை விளக்கியது. நாடியின் தொடக்கத்தை அழுத்தி மூடியபோது அதனுள் அழுத்தம் தாழவில்லை, உயர்ந்தது! அதாவது வலப்பக்கத்திலிருந்து அரும்பாடுபட்டு வந்த நல்ல இரத்தம், தசைக்குப் பயன்படாமல், தாழ்ந்த அழுத்தமுள்ள நுரையீரல் நாடிக்குள் வழிந்துகொண்டிருந்தது. ஓட்டை வாய்க்காலைப் போல. எனவே அதைக் கட்டிவிடுவதே முதற் சிகிச்சையாயிற்று.

கட்டுவது போதாது என்பது பின்னர் தெரிந்தது. ஒரே நாடியை நம்பி இருதயம் முழுவதும் வாழவேண்டியிருந்தது. 1966இல் காலிலிருந்து எடுத்த நாளத்தைப் பாலமாக வைத்தனர். 1974இல் தவறிப் பிறந்த நாடியை அதன் வாய்ச்சுற்றோடு அறுத்தெடுத்துப் பெருநாடியிலேயே பொருத்தினர். அவ்வளவு நீளம் இழுக்க முடியாதபோது, நுரையீரல் நாடிக்குள்ளேயே ஒரு சுரங்கம் அமைத்துப் பெருநாடி இரத்தத்தை உள்ளே கொண்டுவரும் முறையை ஜப்பானியராகிய தக்கேயுச்சி 1979இல் வெளியிட்டார். இன்று நாடியைப் பெருநாடிக்கு மாற்றுவதே பெரிதும் விரும்பப்படும் முறை. பட்டினியால் மெலிந்த இதயவறை, உணவு கிடைத்ததும் சில மாதங்களில் வலிமை பெறுவதைக் கண்டு சத்திரவைத்தியரே வியக்கின்றனர்.

மற்றொரு கோளாறு இன்னும் விவாதத்துக்குரியது. நாடி பெருநாடியிலேயே பிறக்கிறது. ஆனால் தவறான பக்கத்திற் பிறந்து, இரு பெருங்குழாய்களுக்கும் இடையே, சிலவேளை பெருநாடியின் சுவருக்குள்ளேயே நெருங்கி ஓடுகிறது. ஓட்டப் பந்தயத்தில் திடீரென விழுந்து மாளும் வாலிபர் சிலரின் உடலில் இது காணப்பட்டது. சுவருக்குள் ஓடும் பகுதியைத் திறந்துவிட்டு வாயை அகலமாக்கலாம். இடப்பக்க நாடி இவ்விதம் ஓடினால் சத்திரசிகிச்சை வேண்டுமென்பதிற் பெரும்பாலார் ஒத்திருக்கின்றனர். வலப்பக்க நாடியானால், நோய்க்குறி ஒன்றுமில்லாதவருக்கு மார்பைத் திறப்பதா என்று தயங்குகின்றனர். இங்கேதான் அம்மையாரின் முறைக்கு ஓர் எல்லை தெரிகிறது. போத்தலுக்குள் வருபவை இறந்தோரின் இருதயங்கள். அதே பழுதோடு எண்பது வயதுவரை வாழ்ந்து, வேறு நோயால் இறந்து, ஒருவரும் அறுத்துப் பாராமலே அடங்கியவர்கள் அக்கணக்கில் வருவதில்லை. உயிரோடிருப்போரின் நாடிகளைக் கதிர்ப்படத்தில் தெளிவாகக் காணும் இக்காலத்திலேதான் அவர்களையும் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். ஆயிரத்தைத் தொகுத்தவர் உயிரோடிருந்தால் இந்தக் கணக்கையும் தொடங்கியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மெக்சிக்கோ நகரத்து இருதயவியற் கழகத்தின் சுவரில் 1943, 1944ஆம் ஆண்டுகளில் டியேகோ ரிவேரா என்னும் பெரும் ஓவியர், இருதய அறிவை வளர்த்தோரை வரிசையாகத் தீட்டினார். அவ்வரிசையில் இடம்பெற்ற ஒரே பெண் மோட் அபொற். கனடிய அரசு 2000ஆம் ஆண்டில் அவருக்கு முத்திரை வெளியிட்டது. மக்கிலின் வைத்திய நூதனசாலை 2012இலிருந்து அவர் பெயரையே தாங்குகிறது. ஹோம்ஸ் இருதயம் அங்கே, போத்தலுக்குள்ளே, விபரச் சீட்டோடு இருக்கிறது.